காவிரிக் கொடிக்காலும் குருநாகல் வெற்றிலைத் தோட்டமும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டுக்கு வைகறைப் பொழுதில் வந்து சேரும் பண்டங்களுள், அரிசியைப் போலப் பசி தீர்ப்பதும் அன்று, மல்லிகையைப் போல மணத்தால் ஆளை அழைப்பதும் அன்று, ஆயினும் தன்னை விலக்கி எந்த மங்கல காரியமும் நடைபெற ஒண்ணாது என்னும் உரிமையை நெடுங்காலமாகப் பெற்றிருப்பது வெற்றிலை ஒன்றே. நிச்சயதார்த்தத் தட்டிலும், திருமண வாயிலிலும், திருவரங்கத்து வீடுகளில் விருந்துண்டவர் கைக்கும், பெருமாளுக்கு அடைக்காயமுதாகச் சன்னிதிக்கும் செல்லும் அவ்விலையை அறியாதார் தமிழ் நாட்டில் இலர். எனினும், அதனைத் தாங்கி வளர்க்கும் கொடியை நேரிற் கண்டவர் நகரத்தாரில் மிகச் சிலரே. அக்கொடியைப் பேணுவதில் உள்ள நுட்பத்தையும், நமக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவில் அதே கொடி வேறொரு வகையில் பேணப்படுவதையும் எண்ணிப் பார்த்தவர் அவரினும் சிலர்.

இவ்விரு முறைகளையும் திருவரங்கத்திலிருந்து ஒப்பிடுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. இராமபிரானிடம் பெற்ற அரங்க விமானத்தை இலங்கைக்குக் கொண்டு செல்லும் வழியில் விபீஷணன் காவிரிக் கரையில் அதனை இறக்கிவைக்க, பிறகு அது எழாமற்போக, வருந்திய அவனுக்கு இரங்கிய பெருமாள் தென்திசை நோக்கிப் பள்ளிகொண்டார் என்பது தலபுராணம். நம் ஊர்த் தெய்வமே தெற்கு நோக்கியிருக்க, நம் உழவும் ஒருமுறை அத்திசையை நோக்குதல் தகும்.

வெற்றிலைக் கொடி மிளகுக் கொடியின் உறவு. மலேயா முதலிய கீழ்த்திசை நாடுகளின் ஈரக் காடுகள் அதன் பூர்விகம் என்பர் தாவர நூலார். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறாக இருக்கும் இனம் இது; தோட்டங்களில் காய்த்து விதை தருவது அருமையாதலின், கணுக்கள் கொண்ட தண்டுத் துண்டுகளை நட்டே இதனைப் பெருக்குகிறார்கள். ஆகவே, இன்று தளிர்க்கும் ஒவ்வொரு கொடியும் முன்னொரு தோட்டத்துக் கொடியின் ஓர் அங்கமே; யாரேனும் ஒருவர் வெட்டி மற்றொருவர் நட்டிராவிடில், இந்தப் பரம்பரை ஒரு தலைமுறையில் அற்றுப்போயிருக்கும். அதன் சுபாவமோ மிக மென்மையானது. வெயில் மிகுந்தால் இலை சிறுத்து, மஞ்சளித்துத் தடிக்கும். நிழல் மிகுந்தால் கணுவிடை நீண்டு கொடி சோரும். வேரடி எப்பொழுதும் ஈரமாக இருத்தல் வேண்டும். அந்த ஈரம் தேங்கி நின்றாலோ வேர் அழுகும். காட்டு மரத்தைக் கணுவேர்களால் பற்றி ஏறிய ஒரு கொடிக்கு, காடு இல்லாத இடத்தில் காட்டின் நிழலையும் ஈரத்தையும் செய்து கொடுப்பதே வெற்றிலை வேளாண்மை. இக்கரையிலும் அக்கரையிலும் வினா ஒன்றே. மண்ணும் நீரும் மழையும் வேறாதலால், விடைகள் வேறாயின.

வங்காளத்தில் அதற்கு மூங்கிலும் சணற்குச்சியும் கொண்டு நாற்புறமும் மூடிய 'பரோஜ்' என்னும் கூடத்தைக் கட்டுகிறார்கள். காவிரிக் கரையினர் கூடம் கட்டுவதில்லை, அகத்தியை வளர்க்கிறார்கள். குளித்தலை, லாலாப்பேட்டை, மாயனூர், முசிறி, தொட்டியம் என்று ஆற்றின் இரு கரையிலும், மேற்கே வேலாயுதம்பாளையம், பரமத்தி வேலூர் வரையிலும் பரந்த கொடிக்கால்களில், ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலமுள்ள பாத்திகளை அமைத்து, பாத்திக்குப் பாத்தி அரை மீட்டர் அகலமும் ஆழமும் உள்ள வடிகால் வெட்டி, முதலில் அகத்தி விதையை வரிசையாக ஊன்றுகிறார்கள். அகத்தி எழுந்து நிழல் தரத் தொடங்கிய பிறகே, தை மாசியிலோ ஆனி ஆடியிலோ, கொடித் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக அதன் அடியில் நடுவது வழக்கம். கொடி நீள நீள, வாழைநாரால் அதனை அகத்தித் தண்டோடு இறுக்காமல் அணைத்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டத் தவறிய கொடி தலை தொங்கி வீணாகும். அகத்தி நான்கு மீட்டர் உயர்ந்ததும் அதன் தலையைக் கொய்து, வெயில் எவ்வளவு இறங்க வேண்டுமோ அவ்வளவே இறங்குமாறு கழித்து விடுகிறார்கள். ஓரங்களில் நிற்கும் வாழை வெப்பக்காற்றைத் தடுப்பதோடு, கட்டுவதற்கு நாரும், இலையைப் பொதிவதற்குச் சருகும் தருகிறது.

அகத்தியைத் தேர்ந்த முன்னோரின் மதியை எவ்வளவு வியந்தாலும் தகும். அது விரைந்து வளர்வது. கொம்பு போல நேராக நிற்பது. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலின், காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் சேர்த்து மண்ணுக்கு உரமூட்டுவது. கழித்த தழை ஆடுமாடுகளுக்குத் தீவனமாகும். ஏகாதசி விரதமிருந்தவர்கள் துவாதசிப் பாரணையில் தவறாது உண்ணும் கீரையும் அதுவே. வைகுண்ட ஏகாதசியின் மறுநாள் திருவரங்கத்து அடுக்களைகளில் வேகும் கீரைக்கும் தாம்பூலத் தட்டிலுள்ள இலைக்கும் ஒரே கொடிக்கால் தாயகமாக இருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

ஆயினும் காவிரிக் கொடிக்காலின் தலைசிறந்த வித்தை கொடி இறக்குதல் ஆகும். ஓராண்டில் பத்தடி ஏறிய கொடி வலுக்குன்றி, இலை சிறுக்கத் தொடங்கும்போது, பங்குனி சித்திரையில் அதனை அகத்தியிலிருந்து மெல்ல அவிழ்த்து, இலையற்ற அடிப்பகுதியைச் சுருட்டிப் பாத்தியில் புதைத்து, இளமையான நுனியை மாத்திரம் மேலே விட்டு, மறுபடியும் அகத்தியில் ஏற்றிக் கட்டுகிறார்கள். புதைந்த கணுக்கள் வேர்விட்டுப் புதிய கிளைகளை எழுப்ப, முதுமை எய்திய கொடி மண்ணிற் புகுந்து மீண்டும் பாலப் பருவம் பெறுகிறது. சிறிது இழுத்தாலும் தண்டு முறியும். சிறிது ஆழமாகப் புதைத்தாலும் அழுகும். புத்தகத்தால் கற்பிக்க முடியாத, விரலறிவால் மட்டுமே தலைமுறை தோறும் வருகிற தொழில் இது.

இனி இலங்கையை நோக்குவோம். குருநாகல், கம்பஹா, கேகாலை, புத்தளம் மாவட்டங்களில், தென்னை முக்கோணம் என்று பெயர்பெற்ற நிலப்பரப்பிலும் அதனை அடுத்தும்தான் வெற்றிலை மிகுதியாக விளைகிறது. நமது கொடிக்கால் ஆற்று வாய்க்காலின் குழந்தை. மேட்டூர் அணை திறக்கும் நாளையும் மூடும் நாளையும் எண்ணி வாழ்வது. குருநாகல் தோட்டமோ தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரு பருவ மழைகளை நம்பியது. மழை ஓய்ந்த நாட்களில் கிணற்று நீரைக் குடத்தாலும் வாளியாலும் ஊற்றிக் காக்கும் அளவுக்குச் சிறியது. வயல்வெளியாகப் பரவாமல், வீட்டை அடுத்த தென்னந்தோட்டத்தின் ஓர் ஓரத்தில், அவ்வீட்டுப் பெண்களும் ஆண்களும் காலை மாலை கண்பார்த்து வளர்க்கும் குடும்பப் பயிராக அது நிற்கிறது.

அங்கே அகத்தியின் இடத்தைப் பெரும்பாலும் சீமைக்கிளுவை, அதாவது கிளிரிசிடியா, ஏற்றுக்கொண்டிருக்கிறது. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரமும் அவரைக் குடும்பத்ததே. மண்ணுக்கு உரமூட்டும் குணமும் உடையதே. கொடி ஏறுவதற்குக் குச்சிகளை நட்டு, இளங்கொடிக்குத் தென்னோலையால் நிழலமைத்து, கிளுவைத் தழையை வெட்டிப் பாத்தியின்மேல் பரப்பி மூடாக்கு இடுகிறார்கள். அத்தழை மண்ணின் ஈரத்தைக் காத்து, மழைத்துளி மண்ணைத் தெறித்து இலைக்கு நோய் ஏற்றாதபடி தடுத்து, நாளடைவில் மக்கி எருவாகிறது. நாம் வாய்க்கால் நீரின் பெருக்கால் சாதிப்பதை, அவர்கள் தழையின் சிக்கனத்தால் சாதிக்கிறார்கள் என்பதே இரு முறைகளுக்கும் உள்ள பெரும் வேற்றுமை.

முறை வேறானது போலவே விரும்பும் இலையும் வேறு. நம்மவர் போற்றுவது வெள்ளைக்கொடி, கற்பூரி முதலிய வகைகளின் மெல்லிய, வெளிறிய, காரம் அடங்கிய இளம் இலை. அது நூறு இலை கொண்ட கவுளியாக எண்ணப்பட்டு, பரமத்தி வேலூர், பாண்டமங்கலம் ஏலக் களங்களில் 104 கவுளி கொண்ட சுமையாக விலைபோகிறது. இளம்பயிர் இலைக்கு ஒரு விலை, முதிர்ந்த பயிரின் இலைக்கு வேறு விலை. இலங்கையின் ஏற்றுமதிச் சந்தையில் உயர்ந்ததாக மதிக்கப்படுவது 'கலு புலத்' எனப்படும் கரும்பச்சை இலை. அகன்றும் தடித்தும் காரமாகவும் இருக்கும் அதனைப் பெருவாரியாகக் கொள்வது பாகிஸ்தான். அந்தக் கருமை, வகையோடு, நிழலின் அளவையும் எருவின் வளத்தையும் பொறுத்து வருவதாதலால், இலங்கை உழவர் நிழலை அளந்து அமைப்பதில் கொள்ளும் கவனம் பெரிது.

மரியாதையில் இரு நாடுகளும் ஒன்றே. சிங்களப் புத்தாண்டில் இளையோர் பெற்றோரை வணங்கி வெற்றிலை அடுக்கை நீட்டுவதும், நாட்டு வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் வெற்றிலை கொடுத்துப் பேச்சைத் தொடங்குவதும், நம் தாம்பூல மரியாதையின் உடன்பிறப்புகளே. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்கு இறுதி உணவு படைத்தபின் வெற்றிலை பாக்கு அளித்தாள். 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் ராபர்ட் நாக்ஸ் கண்டி நாட்டாரின் வெற்றிலை வழக்கத்தை எழுதினார். எனினும், புகையிலை கூட்டினும் கூட்டாவிடினும் பாக்கோடு மெல்லும் பழக்கம் புற்றுநோய் விளைப்பது என்று 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தெளிவாக்கிய பிறகு, அப்பழக்கத்தைப் போற்றி எழுதுவது அறமாகாது. கொடியைக் காக்க விரும்புவோர் அதனை மங்கலப் பொருளாகவும் மருந்திலையாகவும் காக்க வேண்டுமேயன்றி, மென்று துப்பும் வழக்கத்தின் துணைப்பொருளாக அன்று.

காக்க வேண்டிய அவசியமோ உண்மையானது. வேரையும் தண்டையும் அழுகச் செய்யும் வாடல் நோய் ஈர நாட்களில் வடிகால் வழியே பரவி, சில வாரங்களில் ஒரு கொடிக்காலையே வெறுமையாக்க வல்லது. பாக்டீரியாவால் வரும் இலைக்கருகல் இரு நாட்டாருக்கும் பகை. காவிரியில் நீர் குறையும் ஆண்டுகளில் கிணற்றைத் தோண்டிக் கடன்படும் உழவர், அடுத்த பருவத்தில் கொடியை விட்டு வாழைக்கு மாறுகிறார்கள். ஆத்தூர், சோழவந்தான், கும்பகோணம் வெற்றிலைகளுக்கு அண்மையில் கிடைத்த புவிசார் குறியீடு மகிழத்தக்கதே. ஆனால் பெயரைக் காப்பது மாத்திரம் போதாது, பேணும் கையையும் காக்க வேண்டும்.

திருச்சி மாவட்டத்துச் சிறுகமணியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் வெற்றிலையை ஆராய்ந்து, தன் பெயரால் வகையும் தந்திருக்கிறது. இலங்கையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இப்பயிருக்காக உழைக்கிறது. இவ்விரண்டும் தம்முள் உரையாடினால் பயன் விளையும் என்பது என் துணிபு. நீர் அருகிவரும் காவிரிக் கரைக்கு இலங்கையின் மூடாக்கும், சிறு பரப்பில் செறிந்த பேணுதலும் இன்றே வேண்டியவை. நிழலையும் கீரையையும் தீவனத்தையும் ஒருங்கே தரும் நம் அகத்தி முறையும், கொடி இறக்கி இளமை மீட்கும் கைத்திறமும் இலங்கைத் தோட்டங்களில் சோதித்துப் பார்க்கத் தகுந்தவை. கொடித் துண்டோடு நோயும் கடல் கடக்குமாதலால், கொடியை மாற்றிக்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். அனுபவத்தை மாற்றிக்கொள்வதற்கு அத்தகைய தடையில்லை. குளித்தலை உழவர் ஒருவர் குருநாகல் தோட்டத்திலும், குருநாகல் உழவர் ஒருவர் நம் கொடிக்காலிலும் ஒரு பருவம் தங்கிக் கற்பதற்கு இரு அரசுகளும் வழிசெய்யுமானால், எத்தனை அறிக்கைகளாலும் எய்தாத நன்மையை அந்த ஒரு பருவமே தரும்.