விவாகரத்து வழக்கில் குழந்தையின் இரத்தம்

தந்தைமை பற்றி ஐயம் எழுந்த மாத்திரத்தில் மரபணுச் சோதனைக்கு உத்தரவிடுவதே குடும்ப நீதிமன்றங்களுக்கு அழகென்றும், 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவை இன்னும் பற்றிக்கொண்டிருப்பது விஞ்ஞானத்துக்கு முதுகு காட்டுவதாகுமென்றும் வாதிப்பது படித்தவர்களிடையே இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. விவாகம் நிலைத்திருக்கையிலோ, அது முறிந்து தாய் மறுமணம் புரியாதிருக்கும் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை கணவனுடையதே என்று முடிவு கட்டிய அந்தச் சட்டம், இரத்தத்தைக் கொண்டு தகப்பனை அறிய இயலாத காலத்தது. என். டி. திவாரியைத் தம் தந்தையென்று நிலைநாட்ட வழக்காடிய ரோஹித் சேகருக்கு 2012இல் நியாயம் கிடைத்தது சோதனையால்தான். தன்னுடையதல்லாத பிள்ளைக்கு ஜீவனாம்சம் கொடுக்க நேர்ந்த கணவனின் மனக்குறையும் அற்பமன்று. சோதனை முடிவு கைக்கு வந்துவிட்ட ஒரு வழக்கில், சட்டத்தின் அநுமானம் விஞ்ஞான உண்மைக்கு வழிவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014 ஜனவரியில் தீர்ப்பளித்ததும் அக்குறையைக் கருதியே.

ஆயினும், ரோஹித் சேகர் வயது வந்தவர். தம் தகப்பன் யாரென்று தாமே கேட்டவர். விவாகரத்து வழக்கில் சோதனை கோரும் கணவனோ, மனைவியின் ஒழுக்கக்கேட்டுக்குச் சான்று தேடுகிறான். அச்சான்று எடுக்கப்படுவது, அவ்வழக்கில் வாதியுமல்லாத, பிரதிவாதியுமல்லாத, என்ன நடக்கிறதென்றே அறியாத ஒரு குழந்தையின் உடலிலிருந்து.

2014 அக்டோபரில் அதே நீதிமன்றம் இதற்கு ஒரு சமாதானம் கண்டது. மனைவி விரும்பினால் சோதனைக்கு இசையலாம். மறுத்தால் அம்மறுப்பிலிருந்து அவளுக்குப் பாதகமான அநுமானம் செய்யப்படும். அப்போதும் அவளுடைய நடத்தை மட்டுமே தீர்மானிக்கப்படுமாதலால் குழந்தையின் பிறப்புரிமைக்குப் பங்கமில்லை என்பது அதன் சாரம். இசைந்தால் பிள்ளை தகப்பனை இழக்கக்கூடும், மறுத்தால் தான் மானத்தை இழக்கக்கூடும் என்ற நிலையில் நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று எஞ்சியிருப்பதாகக் கூறுவது பரிகாசமேயாகும். குற்றமற்றவளாயிருந்தும் சுயமரியாதையின் பொருட்டு மறுப்பவளுக்கு இதில் இடம் எங்கே? தாய் தவறியவள் என்று எழுதிவிட்டுப் பிள்ளை கணவனுடையதே என்றும் எழுதுவது தீர்ப்பின் தாளில் கூடும். அவ்விரண்டையும் பிரித்துப் பேசுகிற நா எந்த ஊரில், எந்த உறவில் இருக்கிறது?

அறிக்கை பாதகமாக வந்துவிட்டாலோ, சோதனையைப் புகழ்வோர் எண்ணிப் பாராதவை ஒவ்வொன்றாக நிகழும். சனிக்கிழமைதோறும் பிள்ளையைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர் வரமாட்டார், ஜீவனாம்சம் நிற்கும், அப்பா என்று அழைத்துப் பழகிய மனிதர் ஒரே நாளில் அந்நியராவார். அவருக்குப் பதிலாக வேறொரு தகப்பனை எந்த ஆய்வுக்கூடமும் கொண்டுவந்து நிறுத்துவதில்லை. கணவனுக்கு விடுதலை, வக்கீலுக்கு வெற்றி, விஞ்ஞானத்துக்குக் கீர்த்தி. பிள்ளைக்கு மட்டும் நஷ்டம். இதற்குச் சத்தியம் என்று பெயரிடுவோர், ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தச் சத்தியத்தால் விளையும் நன்மை ஒன்றையேனும் எடுத்துக் காட்டட்டும்.

விபசாரத்தை நிரூபிக்கக் கடிதங்களும் தொலைபேசிப் பதிவுகளும் சாட்சிகளும் உண்டு. அவற்றைத் தேடித் திரட்டுவது கடினம். குழந்தையின் விரலில் ஊசி குத்துவது எளிது. இவ்வழக்கம் பெருகியதற்கு இந்த எளிமையன்றி வேறு நியாயம் எமக்குப் புலப்படவில்லை. வேறு சான்றுகளால் நிரூபிக்கக் கூடியதற்குக் குழந்தையைக் கருவியாக்கலாகாது என்று 2023இல் சுப்ரீம் கோர்ட்டே எச்சரித்தது; ஆனால் தகுந்த வழக்குகளில் சோதனைக்கு உத்தரவிடும் அதிகாரம் நீதிபதிகளிடமே இருப்பதால், வழக்குக்கு வழக்கு அக்குழந்தையின் கதி அவரவர் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடுகிறது.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம் பழைய பிரிவையே 116 என்று எண் மாற்றி ஏற்றுக்கொண்டது. சோதனையைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் வாய்த்த சந்தர்ப்பம் இவ்வாறு வீணாயிற்று. வயது வந்த பிள்ளை தானே கேட்டாலொழிய விவாகரத்து வழக்கில் அதன் இரத்தத்தைத் தொடலாகாது என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் சட்டசபைகளுக்கு விஞ்ஞானம் தேவையில்லை. சிறிது வெட்கம் போதும்.