ஏரிக்கரையில் காம்பிள்

தென்னிந்தியத் தாவரவியல் மாணவர் ஒரு நாளேனும் புரட்டிப் பார்க்க வேண்டிவரும் நூல், காம்பிள் எழுதிய ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’. 1915 முதல் 1936 வரை 11 பகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. காட்டு இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற காம்பிள் 1925இல் மறைந்தார். எஞ்சியதை ஃபிஷர் எழுதி முடித்தார். மறுபதிப்பில் மூன்று தடித்த தொகுதிகள். அவற்றுள் இரண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு பிப்ரவரிக் காலையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குச் சென்றேன். அலமாரியில் கம்பீரமாக நிற்கும் நூல், பூவின் பக்கத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

நீர் பின்வாங்கிய ஓரத்தில் கொட்டைக்கரந்தை பூத்திருந்தது. ஊதா நிறத்தில் சிறு பந்து. ஒரே பூ என்று எண்ணுவோம். உருப்பெருக்கியில் பார்த்தால், பல பூங்கொத்துகள் நெருங்கித் திரண்ட உருண்டை. நூலிலுள்ள வழிகாட்டிப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு, இலை, தண்டு, பூ என்று படிப்படியாகச் சென்றால் சரியான பெயரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நூறாண்டு கடந்தும் இது பழுதுபடவில்லை. காம்பிளின் வெற்றி இதுதான்.

கரை மேல் ஆவாரை. இங்கேதான் மாணவர் இடறுவார். காம்பிள் இதைக் காசியா இனத்தில் வைத்தார். இன்றைய நூல்களில் இது சென்னா. புதிய பெயரைக் கொண்டு பழைய நூலில் தேடுபவர் ஏமாந்து போவார். இது காலத்தின் குற்றம். வேறொரு குறை நூலின் பிறப்பிலேயே இருக்கிறது. காம்பிள் இதைப் பெரும்பாலும் இங்கிலாந்தில், கியூ தோட்டத்து உலர்ந்த மாதிரிகளை வைத்து எழுதினார். உலர்ந்த தாளில் வண்டு வருவதில்லை! ஆவாரையின் மகரந்தப் பைகளுக்கு நுனியில் சிறு துளைகளே உண்டு. தச்சுத் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் மகரந்தம் உதிரும். நான் நின்ற கால் மணி நேரத்திலேயே அந்த ரீங்காரம் காதைத் துளைத்தது. நூலில் அதன் ஓசை இல்லை.

பூக்கும் காலமும் அப்படித்தான். கிரேத்தாத் தீவின் சமாரியா மலைப்பிளவுக்குக் காட்டுப் பூக்களைக் காணவென்றே வசந்த காலத்தில் செல்வோர் உண்டு. அங்கே குளிர்காலத்தில் மழை. அது முடிந்ததும் மலர்ச்சி. நமக்கும் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதானே? 24 அடி கொள்ளும் இந்த ஏரி மெல்ல வற்ற வற்ற, ஈரம் பின்வாங்கும் வரிசையில் ஓரம் ஓரமாகச் செடிகள் முளைத்துப் பூக்கின்றன. கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை ஒரே நூலில் அடக்க முயன்றவரிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மயூரநாதன் 1929இல் அருங்காட்சியக வெளியீடாக எழுதிய நூல் அவ்வகையில் நல்ல முன்மாதிரி. அதுவும் ஆங்கிலமே.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தபின், இப்பகுதியில் செடி வளர்ந்த வெற்று நிலத்துக்குத் ‘தரிசு’ என்ற ஒரே பெயர்தான். பெயர் தெரியாத செடி காணாமற்போனால் எவரும் கணக்குக் கேட்பதில்லை. எனவே தமிழில் எழுத முனைவோருக்கு ஒரு வேண்டுகோள்: மாநிலம் முழுவதையும் ஒரே நூலில் அடக்க வேண்டாம். இந்த ஓர் ஏரியை, ஜனவரி முதல் ஜூன் வரை, வாரம் ஒருமுறை சுற்றி வந்து எழுதுங்கள். படமும், பூக்கும் மாதமும், மாடு மேய்ப்பவர் சொல்லும் பெயரும் அதில் இருக்கட்டும். காம்பிளின் வழிகாட்டிப் பட்டியலை மட்டும் அப்படியே தமிழாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.