சாமி இறங்கிய பிறகு

நவீன பேகன் சமயத்துக்கு வேதநூல் இல்லை, தலைமைப் பீடம் இல்லை, ஊர்தோறும் கோவிலும் இல்லை. அமெரிக்காவில் சிதறிக் கிடந்த இவ்வழிபாட்டினரை ஒருவருக்கொருவர் தெரியவைத்ததில் சிற்றிதழ்களுக்குப் பெரும் பங்குண்டு. 1968இல் தொடங்கிய ‘கிரீன் எக்’ இதழ் அதன் வாசகர் கடிதங்களுக்காகவே பேசப்பட்டது.

பெண்கள் தமக்கென்றே நடத்திய இதழ் ‘வுமன்ஸ்பிரிட்’. ஓரிகன் மாநிலத்து நாட்டுப்புறத்திலிருந்து ரூத், ஜீன் மவுண்டன்க்ரோவ் என்ற பெண் இணையர் 1974 முதல் 1984 வரை 40 இதழ்கள் கொண்டுவந்தார்கள். பருவங்கள் மாறும் நாள்களை ஒட்டி ஆண்டுக்கு நான்கு இதழ்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் வாசகிகள். கனவுகள், கவிதைகள், தாங்களே வகுத்த சடங்குகள், ஓவியங்கள் என்று அனுப்பினார்கள். எல்லாரும் தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொண்டவர்களும் அல்லர்.

இத்தகைய ஆன்மிகம் அரசியலிலிருந்து தப்பி ஓடுவது என்று அன்றைய பெண்ணியர் சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அது முழுதும் சரியாகப் படவில்லை. மதத்தில் பெண்ணுக்குக் கேட்கும் இடம் உண்டு. எழுதும் இடம் அரிது. அந்த இடத்தை எடுத்துக்கொள்வதும் அரசியல்தான்.

என் குறை வேறு. ‘ஹெரிசீஸ்’ என்ற பெண்ணியச் சிற்றிதழ் 1978இல் பெண்தெய்வச் சிறப்பிதழ் வெளியிட்டது. அதில் கரோல் கிறைஸ்ட், பெண்ணுடலையும் பெண்ணின் ஆற்றலையும் நல்லவையெனக் காட்டும் தெய்வம் பெண்களுக்குத் தேவை என்று வாதிட்டார். தகப்பன் கடவுளோடு வளர்ந்தவர்களுக்கு அது விடுதலை. ஆனால் அவ்வியக்கம் ஐசிஸ், டயானாவோடு நம் காளியையும் அழைத்துக்கொண்டபோது, அவளைக் கும்பிடும் பெண்களின் வாழ்க்கையைப் பெரும்பாலும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க் காளி கோவிலுக்கு வீட்டார் எல்லாரும் போக, விலக்கான நாளென்று நான் வெளியே நின்றிருக்கிறேன். உள்ளே இருந்தவள் பெண்தான். அதனால் எனக்கு வாசல் திறந்துவிடவில்லை.

ஆகவே ‘வுமன்ஸ்பிரிட்’ போன்ற இதழ்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது தெய்வத்தை அல்ல, அந்தப் பக்கங்களை. நம் ஊரில் சாமி வந்து ஆடும் பெண் கேள்வி கேட்பாள், அதட்டுவாள். ஊரே கைகட்டிக் கேட்கும். சாமி இறங்கியதும் அவள் பழையபடி அடுப்படிக்குப் போவாள். அப்போது அவள் தன் பெயரிலேயே சொல்ல நினைப்பதை எழுத நம்மிடம் ஓர் இதழ் இருந்ததா என்று கேட்டுப் பார்க்கிறேன்.