அது பழைய காமெடி அல்ல

"அந்தக் காலத்துல எல்லாரும் சிரிச்சோம். இப்ப மட்டும் எப்படித் தப்பாப் போச்சு?" பழைய காமெடிக் காட்சிகளில் வரும் திருநங்கையர் கேலியையும் ஒருபாலீர்ப்பு கேலியையும் குறை சொன்னால் உடனே வரும் பதில் இது. படம் பார்க்கத் தெரிந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இந்த வாதத்தில் 'எல்லாரும்' என்ற ஒரு சொல்தான் என்னை உறுத்துகிறது.

காலம் மாறியிருப்பதை மறுக்கவில்லை. திருநங்கையருக்கு 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது சட்டப் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருபாலீர்ப்பு இணை ஒன்றின் வழக்கில் தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். 2022இல் ஒருபாலீர்ப்புக் காதலையும் மரியாதையோடு காட்டிய 'நட்சத்திரம் நகர்கிறது' படம் வந்தது. வடிவேலுவும் சந்தானமும் பெரும் கலைஞர்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் 2015 பொங்கலுக்கு வந்த 'ஐ' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடசென்னைக்காரன் என்றாலே லுங்கி, 'கஸ்மாலம்', ரவுடித்தனம் என்று வடசென்னைக்காரர்களான நம்மை வைத்துப் பல்லாண்டு சிரிப்புக் காட்டியது சினிமா. 'ஐ'யில் மெட்ராஸ் பாஷை பேசும் ஆணழகன் லிங்கேசன் கதாநாயகன் ஆனான். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அதற்காகவே மகிழ்ந்தவர்கள் உண்டு. அவனுக்குக் கொடுத்த மரியாதையை இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கியது அதே படம். ஒப்பனைக் கலைஞர் ஓஸ்மா ஜாஸ்மின் ஒரு திருநங்கை. அந்த வேடத்தில் நடித்த ஓஜாஸ் ரஜனியும் திருநங்கையே. நாயகனும் நண்பனும் 'பருத்திவீரன்' பாட்டைப் பாடி அவளை நக்கலடிக்கிறார்கள். அவள் அவனை விரும்புவதே அருவருப்பாகக் காட்டப்படுகிறது. கடைசியில் அவளும் வில்லன் கூட்டத்தில் ஒருத்தி ஆகிறாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே சென்னையில் திருநங்கையர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யா, படத்தின் இயக்குநர் ஷங்கருக்குத் திறந்த மடல் எழுதினார். திருநங்கையரை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. ஆகவே 'அப்போது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை' என்பது பொய். தெரிந்தவர்கள் சொன்னார்கள். நாம் காது கொடுக்கவில்லை.

காது கொடுக்கத் தெரியாதவர்களா நாம்? 2018 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கிய 'வடசென்னை' படம் வந்தபோது, படகில் நடக்கும் ஒரு காட்சி தங்களை இழிவுபடுத்துவதாக மீனவ மக்கள் கொதித்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்டார், காட்சியும் நீக்கப்பட்டது. செய்தது சரி. நம் மானம் போனால் வலிக்கும் என்று நமக்குத் தெரிகிறது. ஜாஸ்மினைக் கேலி செய்த காட்சிகளோ இன்றும் அப்படியே ஓடுகின்றன. கேலிக்கு ஆளான ஊரே இன்னொருவரின் கேலியைப் 'பழசு' என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டரில் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு நானும் சிரித்திருக்கிறேன். நிறைந்த அந்த அரங்கில் தன் நடையையும் குரலையும் மறைத்து வாழும் பையன் ஒருவனாவது இருந்திருக்க மாட்டானா? அவனால் சிரிக்காமல் இருந்திருக்க முடியுமா? சிரிக்காவிட்டால் பக்கத்து சீட்டுக்காரன் திரும்பிப் பார்ப்பான். பயந்து சிரித்த அந்தச் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டுதான் 'எல்லாரும் சிரிச்சோம்' என்று கணக்குச் சொல்கிறோம்.

2020இல் அகஸ்தியா மூடப்பட்டது. காமெடி மட்டும் மூடப்படவில்லை. சிரிப்பொலி, ஆதித்யா சேனல்களிலும் கைபேசி மீம்களிலும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒருபாலீர்ப்பைக் கேலி செய்யும் வடிவேலுவின் 'அவனா நீயி' வசனம் இன்றும் பள்ளிக்கூட வாசலில் மென்மையாகப் பேசும் பையன்மீது விழுகிறது. அது எந்த வருடத்துப் படம் என்று அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை அது இன்று காலை சொல்லப்பட்ட சொல்.

படங்களை அழிக்கச் சொல்லவில்லை, கலைஞர்களைத் தூற்றவும் சொல்லவில்லை. காசிமேட்டிலோ எண்ணூரிலோ ஒரு டீக்கடையில் அடுத்த முறை யாராவது அந்த வசனத்தை எடுத்துவிட்டால், நீங்கள் சிரிக்காமல் இருங்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவனுக்கு, பயமில்லாமல் சிரிக்காதிருக்க அது துணையாக இருக்கும்.