தணிக்கையற்ற கடிதங்களின் வாசகர்: அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் கடிதங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–1865) படைமுகாம்களிலிருந்து வீரர்கள் குடும்பத்தாருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கைக்கு உட்படாதவை. ஆதலால் அவை ஒளிவுமறைவற்ற சான்றுகள் என மதிக்கப்படுகின்றன. தணிக்கையாளர் இல்லாத இடத்திலும் கடிதத்தின் மொழியை அதன் வாசகரே வரையறுக்கிறார் என்பதைச் சல்லிவன் பாலூ, ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் ஆகியோரின் கடிதங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கடித இலக்கியம், உள்நாட்டுப் போர், தணிக்கை, வாசகர், அடிமைமுறை, ஆவணக் காப்பகம்

முன்னுரை

சாதாரணப் போர்வீரரின் கடிதங்களை வரலாற்றாய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் பெல் இர்வின் வைலி முதன்மையானவர். தென்தரப்பு வீரரைப் பற்றிய அவரது நூல் 1943இலும், வடதரப்பு வீரரைப் பற்றிய நூல் 1952இலும் வெளிவந்தன. ஜேம்ஸ் மெக்பெர்சன் 1,076 வீரர்களின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஆராய்ந்து, அவர்கள் போரிட்டமைக்கான காரணங்களை 1997இல் நூலாக்கினார். பிற்காலத்தில் எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளைவிடக் கடிதங்களே நம்பத்தக்கவை என்பதும், இருதரப்புப் படைகளிலும் வீரர்களின் கடிதங்களுக்குத் தணிக்கை இருக்கவில்லை என்பதும் அவரது ஆய்வின் அடிப்படைகள். இக்கருத்து மறுக்கத்தக்கதன்று, எனினும் நிறைவானதும் அன்று. படை அதிகாரி கடிதத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதால், எழுதியவர் தடையின்றி எழுதினார் என்று கொள்ள இயலாது.

அஞ்சலும் எழுத்தறிவும்

வடபடையின் வெள்ளையின வீரருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேலும், தென்படையினருள் பத்தில் எட்டுப் பேருக்கு மேலும் எழுத்தறிவு பெற்றிருந்தனர் என்பது மெக்பெர்சனின் கணிப்பு. வடதரப்பில் கடிதக் கட்டணம் 3 சென்ட். அஞ்சல்தலை கிடைக்காத வீரர், 1861 ஜூலை முதல், ‘படைவீரர் கடிதம்’ எனக் குறித்து அனுப்பலாம். கட்டணத்தைப் பெறுபவர் செலுத்துவார். தென்தரப்பில் 1862 ஜூலை முதல் கட்டணம் 10 சென்ட். அங்குக் காகிதமும் அரிதாயிற்று. பயன்படுத்திய உறைகள் உட்புறம் வெளியாகத் திருப்பி ஒட்டப்பட்டன. சுவரொட்டுத் தாள்களும் உறைகளாயின. எழுதிய பக்கத்தின் மேலேயே குறுக்காக எழுதும் வழக்கமும் இருந்தது.

வாய்பாட்டுத் தொடரின் பொருள்

பேனாவைக் கையிலெடுத்திருப்பதாகக் கூறித் தம் நலத்தைத் தெரிவித்து, இவ்வரிகள் இல்லத்தாரை அதே நலத்துடன் காணவேண்டும் என்று விழைவது இக்கடிதங்களின் வழக்கமான தொடக்கம். தமிழ்க் கடித மரபின் ‘நலம், நலமறிய அவா’ என்பதனோடு இது ஒப்புநோக்கத்தக்கது. இத்தொடக்கத்தை வெற்றுச் சடங்கெனத் தள்ளிவிட்டு, அதன் பின்வரும் போர்ச் செய்தியையே வாசகர் தேடுவதுண்டு. ஒரு சண்டைக்குப் பிறகு வரும் கடிதத்திலோ முதல் தொடரே தலையாய செய்தி. இறந்தோர் பட்டியலைச் செய்தித்தாளில் தேடும் இல்லத்தாருக்கு, நாளும் இடமும் குறித்த ‘நலம்’ என்னும் சொல், அந்நாள்வரை மகன் உயிருடன் இருந்தான் என்பதற்குச் சான்றாகும்.

இக்கடிதங்கள் ஒருவர் மட்டும் படிப்பவையும் அல்ல. இல்லத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் கைமாறின. ஒரே ஊரினர் ஒரே படைக்குழுவில் சேர்ந்திருந்தமையால், ஒருவர் எழுதியது இன்னொருவரின் துணிவையோ கோழைமையையோ ஊரறியச் செய்யக்கூடும். எழுதுவோர் இதனை அறிந்தே எழுதினர். ஊராரின் செவியே இங்குத் தணிக்கையாளரின் இடத்தில் அமர்ந்தது.

பாலூவின் கடிதம்: இறப்புக்குப் பின் வாசிப்பு

சல்லிவன் பாலூ ரோட் ஐலண்டைச் சேர்ந்த வழக்கறிஞர், படையில் மேஜர். 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டனின் கிளார்க் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு எழுதினார். ஒரு வாரத்தில் நிகழ்ந்த முதலாம் புல் ரன் போரில் படுகாயமுற்று, சில நாட்களில் இறந்தார். நாட்டுக்குரிய கடனையும் இல்லத்தின்மீதுள்ள அன்பையும் எதிரெதிரே நிறுத்தும் இக்கடிதம், கென் பர்ன்ஸ் 1990இல் வெளியிட்ட ஆவணத் தொடரில் சுருங்கிய வடிவில் வாசிக்கப்பட்டதனால் பெரும்புகழ் பெற்றது.

தாம் இறந்தபின் மனைவி இதனைப் படிப்பாள் என்னும் எண்ணம் இக்கடிதம் முழுவதும் ஊடுருவி நிற்கிறது. அவளது மறுமொழியை எதிர்பாராமையால், வழக்கமான நலவிசாரணையும் வீட்டுச் செய்திகளும் பின்தள்ளப்படுகின்றன. உரை இறுதி விடைபெறலாக உயர்கிறது. இச்சூழலே அதன் சொல்வன்மைக்குக் காரணம். ஆதலால் இதனைப் போர்வீரர் கடிதத்தின் பொதுமாதிரியாகக் கொள்வது பொருந்தாது. எழுதியவர் படித்த வழக்கறிஞர், உயர் அதிகாரி என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ரைஸின் கடிதங்கள்: உடைமையாளர் என்னும் வாசகர்

வடபடையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர் பணியாற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் அடிமைமுறை நிலவிய மாநிலங்களிலிருந்து வந்தோர்; எழுத்தறிவு மறுக்கப்பட்டோர். பிறரைக் கொண்டு எழுதுவித்தாலும், மறுமுனையில் அதனைப் படித்துக் காட்டுபவர் யார் என்னும் சிக்கல் எஞ்சியது. மனைவி மக்கள் இன்னும் அடிமைகளாக இருந்தால், கடிதம் உடைமையாளரின் கையைக் கடந்தே செல்லவேண்டும்.

ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் எழுதத் தெரிந்த வீரர். 1864 செப்டம்பரில், செயின்ட் லூயிஸ் நகரின் பென்டன் படைக்குடியிருப்பு மருத்துவமனையிலிருந்து இரு கடிதங்கள் எழுதினார். 1863ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனம் மிசூரி மாநிலத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அவருடைய மகள்கள் அங்கு அடிமைகளாகவே இருந்தனர். மகள்களுக்கு எழுதிய கடிதத்தில், படையுடன் வந்து அவர்களை மீட்பதாக உறுதி கூறுகிறார். மற்றொன்று மகளை வைத்திருந்த பெண்ணுக்கு எழுதப்பட்டது. தம் குழந்தையைத் தாமே திருட முயன்றதாகக் கூறிய குற்றச்சாட்டை மறுத்து, அவள் இறைவன் தமக்களித்த உரிமை என்கிறார்; முன்பு அவளுக்காகத் தாம் தரமுன்வந்த 40 டாலரை அப்பெண் ஏற்காமற்போனதே நன்று என்கிறார்.

பாசத்திற்கு ஒரு கடிதம், எச்சரிக்கைக்கு ஒரு கடிதம் என இவற்றைப் பிரித்துவிட இயலாது. மகள்களுக்கு எழுதியதிலும் உடைமையாளருக்கான எச்சரிக்கை வெளிப்படையாகவே உள்ளது. எதிரி படிப்பார் என்னும் நிலை பாலூவுக்கு நேராதது. ரைஸுக்கு அதுவே எழுத்தின் களம். அவர் அதற்கு அஞ்சி மொழியைத் தணிக்கவில்லை, அதனையே கருவியாக்குகிறார்.

இக்கடிதங்கள் எஞ்சிய வரலாறு இதனை உறுதிப்படுத்துகிறது. உடைமையாளரின் உடன்பிறந்தவரும் அவ்வூர் அஞ்சல் அலுவலருமான ஒருவர், ரைஸுக்கு எதிரான முறையீட்டுடன் இவற்றைப் படைத்தலைவர் ரோஸ்கிரான்ஸுக்கு அனுப்பினார். குடும்பத்தின் பேழையில் அன்றி, எதிராளியின் புகாரோடு இணைந்தே இவை படைத்துறை ஆவணங்களுள் நிலைத்தன.

முடிவுரை

கடிதங்கள் பிழைத்திருப்பதற்கு அவற்றைப் பேணும் இல்லம் வேண்டும். முகாமிலிருந்து இல்லத்திற்குச் சென்றவை பெட்டிகளில் காக்கப்பட்டன. இல்லத்திலிருந்து முகாமிற்குச் சென்றவற்றுட் பெரும்பகுதி அணிநடையிலும் மழையிலும் அழிந்தது. இல்லமே பிறர் உடைமையாக இருந்தோரின் கடிதங்களோ இருமுனையிலும் அழிவுக்கு உள்ளாயின. கறுப்பின வீரர் தம் ஆய்வுத் தொகுப்பில் உரிய விகிதத்தில் இடம்பெறவில்லை என்பதை மெக்பெர்சனும் ஒப்புக்கொள்கிறார். இக்குறையை எண்ணிக்கைக் குறையாக மட்டும் கொள்ளலாகாது. தணிக்கையின்மை என்னும் அளவுகோலே, தம் இல்லத்தாருக்கு நேரடியாக எழுத இயன்றவர்களின் நிலையைப் பொதுநிலையாகக் கொள்கிறது. ஒரு கடிதத்தின் உண்மைத்தன்மையை மதிப்பிடுமுன், அது யார் யார் கைகளைக் கடந்தது என்பதை வினவுதல் வேண்டும். அவ்வினாவே ரைஸின் இரு கடிதங்களைப் பாலூவின் கடிதத்திற்கு இணையாக வைத்து வாசிக்கும் திறனாய்வுக்கு அடிப்படையாகும்.