டிக்கி வைத்த பிக்கப்: மான் சீசனில் ஹோண்டா ரிட்ஜ்லைன்

பிக்கப் டிரக் விளம்பரத்தில் வண்டி எப்போதும் சேற்றைக் கிழித்துக்கொண்டோ பாறையில் ஏறிக்கொண்டோ இருக்கும். வேட்டைக்குப் போகிறவரின் வண்டி பெரும்பாலும் செய்வது அதுவல்ல. நெடுஞ்சாலையில் நாலைந்து மணி நேரம் ஓடும். வழியில் பெட்ரோல் பங்கிலும் சாப்பாட்டுக் கடை வாசலிலும் ஆளில்லாமல் நிற்கும். முகாம் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும். அப்படி நிற்கும்போது பின்னால் என்ன வெளியே தெரிகிறது, எதற்குப் பூட்டு இருக்கிறது, இருட்டில் எதைக் கை நீட்டி எடுக்க முடிகிறது என்பவைதான் வேட்டைக்காரருக்கான கேள்விகள். இழுவைத் திறனை வைத்து வேட்டை வண்டியைத் தேர்ந்தெடுப்பது, சமையலறையே பார்க்காமல் வீடு வாங்குவதற்குச் சமம்.

இந்தக் கேள்விகளோடுதான் ஹோண்டா ரிட்ஜ்லைனை மிச்சிகன் மான் சீசனில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே துப்பாக்கி சீசன் நவம்பர் 15-ல் தொடங்கி 30-ல் முடிகிறது. எந்தக் கிழமையில் வந்தாலும் தேதி மாறாது. வடக்கே பல ஊர்களில் 15-ஆம் தேதி பள்ளிக்கூடமே கிடையாது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்று வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். இங்கே அது உரிமம், சீசன், எண்ணிக்கை வரம்பு எல்லாம் வைத்து மாநில அரசு நடத்தும் விஷயம். டெட்ராயிட்டைச் சுற்றி வாகனத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு, நவம்பர் நடுவில் பக்கத்து மேசைக்காரர் காணாமல் போவது பழகிய காட்சி. ஃபோர்டு எஃப்-150 பிறக்கும் டியர்போர்னுக்குப் பக்கத்திலிருந்து ஹோண்டாவில் கிளம்பினால் முகாமில் கிண்டலுக்குக் குறைவிருக்காது. இதுவும் அலபாமாவில் லிங்கன் என்ற ஊரில் செய்த அமெரிக்க வண்டிதான் என்று சொல்லிப் பார்க்கலாம். யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் சாமான். துப்பாக்கி, தோட்டா, சட்டப்படி போட்டே ஆகவேண்டிய ஆரஞ்சு மேலாடை, மரத்தில் சாய்த்துக் கட்டும் இரும்பு ஏணி மேடை, மேலிருந்து விழாமல் காக்கும் தோள்வார், மடக்குக் கூடாரம், மானை இழுத்துவர பிளாஸ்டிக் சறுக்குத் தொட்டி, கத்தி, கையுறை, கயிறு, ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன். இதையெல்லாம் கனம் பார்த்து அடுக்குவது தவறு. கண்ணில் படக்கூடாதவை, வாசனை ஒட்டக்கூடாதவை, நகரக்கூடாதவை என்று பிரித்துப் பார்த்தால்தான் எந்த வண்டி உதவும் என்று புரியும். மானுக்கு மூக்குதான் ஆயுதம். வாசனையில்லாத சோப்பில் துவைத்த உடுப்பைப் பெட்ரோல் கேன் பக்கத்தில் போட்டு நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோனால், துவைத்த வேலை வீண்.

இங்கேதான் ரிட்ஜ்லைன் மற்ற பிக்கப்புகளிலிருந்து விலகி நிற்கிறது. சரக்குத் தளத்துக்கு அடியில் ஒரு டிக்கி. 2006 மாடலில் முதன்முதலாக வந்தபோதே இருந்தது. 2017 மாடலில் தொடங்கிய இரண்டாம் தலைமுறையிலும் இருக்கிறது. கொள்ளளவு 7.3 கன அடி, அதாவது சுமார் 207 லிட்டர். தளத்தின் பின்பாதியே அதன் மூடி. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை, தனிப் பூட்டு, அடியில் தண்ணீர் வடிய ஒரு திருகு அடைப்பான். மூடியைச் சாத்திவிட்டால் அடியில் இப்படி ஒன்று இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. பூட்டைவிட இதுதான் பெரிய காவல். தளத்தின் மேல் போட்டுப் பூட்டும் அலுமினியப் பெட்டி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், உள்ளே விலை உயர்ந்த ஏதோ இருக்கிறது என்று அதுவே ஊருக்குச் சொல்லிவிடும்.

போகும் வழியில் இந்த டிக்கியில் வைக்கவேண்டியது உடுப்பு, பூட்ஸ், தோள்வார், தொலைநோக்கி. பெட்ரோல் கேன் மேலே, திறந்த தளத்தில், காற்று படும் மூலையில். ரப்பர் பட்டை இருப்பதால் சாலைப் புகையும் உப்புத் தண்ணீரும் உடுப்பை எட்டுவதில்லை. திரும்பும்போது அதே டிக்கி ஐஸ் பெட்டியாகிவிடும். வெட்டிப் பொதிந்த இறைச்சிமேல் ஐஸைக் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அடைப்பானைத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கிவிடும். ஹோண்டா இதை அமெரிக்கக் கால்பந்து மைதான வாசலில் பானங்கள் குளிரவைக்கத்தான் விளம்பரப்படுத்துகிறது. இறைச்சியை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கவேண்டிய வேட்டைக்காரருக்கு அதைவிட அதிகம் பயன்படுகிறது. சிக்கல் ஒன்று: டிக்கி ஒன்றுதான். இறைச்சி உள்ளே போனால் உடுப்பு வெளியே வரவேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கூட எடுத்துப்போவது நல்லது.

பெரிய குறை வேறு. மேலே சுமை ஏறிவிட்டால் டிக்கியைத் திறக்க முடியாது. ஏணி மேடையும் சறுக்குத் தொட்டியும் மூடியின்மேல் படுத்திருக்கும்போது, கீழே இருக்கும் கையுறை வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்கவேண்டும். மாற்றுச் சக்கரமும் டிக்கிக்குள்தான், முன்பக்கமாக. 65 கிலோ மானும் முகாம் சாமானும் ஏறியிருக்கும் நிலையில் காட்டுப் பாதையில் டயர் பஞ்சரானால் என்ன ஆகும் என்பதை வாங்கும் முன்பே நினைத்துப் பார்க்கவேண்டும். மண்பாதையில் அதிகம் ஓடுகிறவர்கள் பஞ்சர் ஒட்டும் சாமானையும் சிறிய காற்றடிப்பானையும் ஓட்டுநர் அறையிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஏற்றும் வரிசைக்கும் ஒரு விதி உண்டு: முகாம் போனதும் முதலில் தேவைப்படுவது எதுவும் டிக்கிக்குள் போகக்கூடாது.

பின்கதவு இரண்டு விதமாகத் திறக்கிறது. எல்லா பிக்கப் போலவும் கீழே சாய்கிறது. வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டிலும் திறக்கிறது. கீழே சாய்த்தால் கதவின் நீளம் குறுக்கே வந்து டிக்கிக்குள் கை எட்டாது. பக்கவாட்டில் திறந்தால் பம்பர் வரை போய் நின்றுகொண்டு குனிந்து எடுக்கலாம். மானை ஏற்றும்போதும் அப்படித்தான். இரண்டு பேர் நெருங்கி நின்று தூக்க முடிகிறது, முதுகு பிழைக்கிறது.

தளம் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக். துரு பிடிக்காது, மேலே தனி விரிப்பு தேவையில்லை. குளிர்காலம் முழுக்க சாலையில் உப்புக் கொட்டும் மாநிலத்தில் இது சின்ன விஷயமல்ல. இரத்தம் உறைவதற்குள் கழுவினால் கறை நிற்பதில்லை. ஆனால் நவம்பர் கடைசியில் முகாமில் குழாய்த் தண்ணீர் உறைந்திருக்கும்; தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் வெந்நீர் கொண்டுபோவது நல்ல யோசனை. தளத்துக்கு விளக்கும் உண்டு. சூரியன் மறைந்து அரை மணி வரை சுடலாம் என்பது சட்டம். அடித்த மானைத் தேடி இழுத்து வருவதற்குள் இருட்டிவிடும். அப்போது அந்த விளக்கின் அருமை தெரியும். உயர்ரக மாடல்களில் தளத்தின் சுவர்களையே அதிரவைத்துப் பாட்டு ஒலிக்கச் செய்யும் வசதியும் இருக்கிறது. மான் காட்டில் அதைவிடத் தேவையற்ற ஒன்றை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

கட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அனுபவசாலிகளும் இதில் அலட்சியமாக இருக்கிறார்கள். தளத்தில் எட்டுக் கட்டுக் கொக்கிகள் உள்ளன. ரப்பர் எலாஸ்டிக் கயிறு கட்டுவதற்கானதல்ல. படபடக்கும் துணியை அமுக்கிவைக்க மட்டும்தான். திடீரென பிரேக் அடித்தால் அது நீளும், இரும்பு மேடை முன்னால் பாயும். ராட்செட் பட்டைதான் வேண்டும். அதன் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: அறுபடும் சுமை, வேலைச் சுமை. வேலைச் சுமை அறுபடும் சுமையில் மூன்றில் ஒரு பங்குதான். 1,500 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு அங்குலப் பட்டையை 500 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 225 கிலோவுக்கு மேல் நம்பக்கூடாது. கொக்கி தாங்கும் சுமை அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த எண்தான் கணக்கு.

ஏணி மேடையைத் தளத்தின் முன்சுவரில் முட்டக் கொடுத்து, இரண்டு பட்டைகளைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே போட்டால் முன்னும் நகராது, பக்கவாட்டிலும் நகராது. இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் பழைய கம்பளித் துண்டு. காற்றில் பட்டை ரீங்காரமிட்டால் நடுவில் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால் அடங்கிவிடும். பத்துப் பதினைந்து மைல் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கவேண்டும். சாமான் அமர்ந்து பட்டை தளர்ந்திருக்கும். வடக்கே மேல் தீபகற்பத்துக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1957-ல் திறந்த மேக்கினா பாலம் சுமார் எட்டு கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் பெரிய ஏரிகள். காற்று எச்சரிக்கை வரும்போது, கூரைமேல் மெத்தையோ படகோ கட்டிய வண்டிகளையும் உயர வண்டிகளின் கணக்கில்தான் பாலத்து நிர்வாகம் சேர்க்கிறது. மடக்குக் கூடாரத்தைத் தளத்தின் விளிம்புக்கு மேலே துருத்தவிடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

துப்பாக்கியை எங்கே வைப்பது? குண்டு முழுக்க இறக்கிய துப்பாக்கி உறைக்குள்ளோ டிக்கிக்குள்ளோ இருக்கவேண்டும் என்பது மிச்சிகன் விதியின் சுருக்கம். குழலைக் கழற்றிப் பிரிக்க முடிந்த ஷாட்கன்னுக்கு டிக்கி சரி. நீண்ட ரைஃபிளைக் கெட்டிப் பெட்டியில் வைத்து, பின் இருக்கையின் அடிப்பாகத்தை மேலே மடக்கி, தரையில் படுக்கவைத்துப் போர்வையால் மூடிவிடலாம். ஓடும்போது அது சரி. ஆளில்லாமல் நிற்கும்போது கண்ணாடிக்குள் பெட்டியின் வடிவம் தெரியக்கூடாது. இருக்கைச் சட்டத்தோடு எஃகுக் கம்பிப் பூட்டுப் போட்டுப் பிணைக்கவும் வேண்டும். அமெரிக்காவில் வண்டியிலிருந்து திருடுபோகும் துப்பாக்கி பெரிய தலைவலி. இரவில் எந்த வண்டியிலும் அதை விட்டுவைக்கவே கூடாது. தோட்டா தனிப் பெட்டியில், தனி இடத்தில்.

போட்டியாளர்களைப் பார்த்தால், ராம் 1500-ல் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் ராம்பாக்ஸ், தளத்தின் பக்கச் சுவர்களுக்குள் பூட்டும் பெட்டிகளை வைத்திருக்கிறது. தளம் நிரம்பி வழிந்தாலும் வெளியில் நின்றபடி திறக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அது ரிட்ஜ்லைனை வென்றுவிடுகிறது. எந்த பிக்கப்பிலும் பொருத்தக்கூடிய இழுப்பறைகளை டெக்ட் என்ற நிறுவனம் செய்கிறது. மேலே மான் கிடந்தாலும் கீழே இழுப்பறை வெளியே வரும். ஒவ்வொன்றும் 200 பவுண்டு, சுமார் 90 கிலோ தாங்கும். அதற்கு ஈடாகத் தளத்தின் உயரம் ஒரு அடி போய்விடுகிறது, 1,000 டாலருக்கு மேல் செலவாகிறது. ஏற்கெனவே எஃப்-150 வைத்திருப்பவருக்கு வண்டியை மாற்றுவதைவிட இழுப்பறை மலிவு.

ஓட்டுவதில் ரிட்ஜ்லைன் கார் மாதிரி. தனிச் சட்டம் இல்லாத உடல், 3.5 லிட்டர் வி6, 280 குதிரைசக்தி. 2021 மாடலிலிருந்து எல்லாமே நான்கு சக்கர இயக்கம். இழுவை 5,000 பவுண்டு, சுமார் 2,270 கிலோ. சரியான எஞ்சின் போட்ட எஃப்-150 அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்கும். ஆனால் ஒரு ஏடிவியும் சிறு டிரெய்லரும் போனால் போதும் என்பவருக்கு இது போதும். தள நீளம் 64 அங்குலம்தான். நீளமான ஏணியைப் பிரித்துத்தான் ஏற்றமுடியும். தரையிலிருந்து உயரம் ஏழரை அங்குலத்தைச் சற்றே தாண்டுகிறது. ஆழமான சக்கரத் தடம் விழுந்த மரவெட்டிப் பாதைகளுக்கு இது குறைவு, அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கவேண்டும்.

வேறு மாநிலத்துக்குப் போய் வேட்டையாடுகிறவர்கள் கவனிக்க: மிச்சிகனின் காட்டு மான்களில் சிடபிள்யூடி என்ற மூளைநோய் 2015-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வெளி மாநிலத்தில் அடித்த மானை முழு உடலாக இங்கே கொண்டுவரத் தடை. எலும்பு நீக்கிய இறைச்சி, தலையோ முதுகெலும்போ ஒட்டாத துண்டுகள் போன்றவைதான் வரலாம். அப்படியானால் நீண்ட தளத்தைவிடக் குளிர்ந்த டிக்கிதான் உதவும். உள்ளூர் மானுக்கு, அடித்த உடனே கட்டிய அடையாளச் சீட்டு அதன் உடம்பிலேயே இருக்கவேண்டும். காற்றில் பறக்காமல் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதியவும் வேண்டும்.

விலை 40,000 டாலரை ஒட்டித் தொடங்குகிறது. நான் வாங்கினால் 2024-ல் வந்த டிரெயில்ஸ்போர்ட் ரகத்தைத்தான் வாங்குவேன்; எல்லா நிலத்துக்குமான டயரும் எஞ்சினுக்கு அடியில் எஃகுத் தகடும் அதோடு வருகின்றன. தளத்துக்கு மேல்மூடி போடுவதாக இருந்தால் மடித்துச் சுருட்டும் துணி ரகம் போதும். கெட்டி மூடி திருட்டுக்கு நல்லது, ஆனால் கொம்புள்ள மானை அதன் கீழே நுழைக்க முடியாது.