கண்டதும் கேட்டதும்

உண்மை நிகழ்ச்சியை எழுதுவது எளிது என்று எண்ணுவோர் பலர். கதைக்குக் கற்பனை வேண்டும். நடந்ததை எழுத நினைவொன்றே போதும் என்பது அவர்தம் கருத்து. அது எத்துணைப் பிழையானது என்பதை அறிய முன்ஷி அப்துல்லாவின் ‘இக்காயாத் அப்துல்லா’ என்னும் மலாய் நூலைப் படித்தல் வேண்டும். 1849-இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்த அத்தன்வரலாற்றில் உயிருள்ள பகுதியும் உயிரற்ற பகுதியும் அருகருகே கிடக்கின்றன. எழுதிய கை ஒன்றே.

அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். ஏமன் நாட்டினின்று போந்து நாகூரில் மணம்புரிந்த அராபியர் ஒருவர் அவருக்குக் கொள்ளுப்பாட்டனார். அந்நாளில் மலாக்காவில் கணக்குக்கும் வணிகர்களோடு பேசுதற்கும் தமிழ் வேண்டியிருந்தது. ஆதலின் தந்தையார் அவரை இரண்டரை ஆண்டுக் காலம் தமிழ் கற்க அனுப்பினார். (தமிழ் படித்தால் பயன் என்ன என்று வினவும் பெற்றோர் இதனை நோக்குவாராக.)

1807-இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையைத் தகர்த்தபோது அவருக்கு வயது ஏறத்தாழப் பத்து. கோட்டையில் பேய்கள் குடியிருப்பதாக அஞ்சிய மக்களைக் காட்டுகிறார். இடிக்க முயன்று இளைத்த கூலிகளைக் காட்டுகிறார். பின்னர்ப் பார்க்குவார் குதிரைமீதிருந்தவாறே திரிக்குத் தீயிட்டு விரைந்து அகல்கிறார். யானையளவும் வீட்டளவும் உள்ள கற்கள் வானில் எழுந்து கடலில் வீழ்கின்றன. இங்கே ‘அந்தோ, என்னே கொடுமை!’ என்னும் ஓலம் முதலில் எழவில்லை. அச்சமும் கல்லும் புகையும் தம் வரிசையில் வருகின்றன. படிப்பவன் நெஞ்சு தானே கனக்கிறது. தமிழ்ப் பள்ளி மாணவனை ‘யான் கண்ட பொருட்காட்சி’ எழுதச் சொன்னால், ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று தொடங்கி, கண்ட பொருள் ஒன்றையேனும் கூறாமல் முடித்துவிடுகிறான். குறை மாணவனுடையது மட்டுமன்று. அச்சொற்றொடரை அவன் கையில் கொடுத்தவர் யார்?

ராபிள்சை அவர் வருணிக்கும் இடம் இன்னும் நுணுகி ஆராயத்தக்கது. முன் புடைத்த நெற்றி அறிவுக்கு அடையாளம், பெரிய செவி கேட்கும் பொறுமைக்கு அடையாளம், மெல்லிய இதழ் நாவன்மைக்கு அடையாளம் என்று அடுக்குகிறார். இது பழைய அங்க இலக்கணம். எந்தப் பெரியாருக்கும் பொருந்தும். ஆனால் நடுவே, இடக்கண்ணில் சிறிது நீர் கசியும் என்றும், நடக்கையில் சற்றே கூனுவார் என்றும் இரண்டு செய்திகள் உள. அவற்றுக்கு அப்துல்லா பொருள் கூறவில்லை. கூறாததனாலேயே அவை மெய்யென்று தோன்றுகின்றன. நெற்றியும் செவியும் மறந்த பின்னும் அந்தக் கண் மறப்பதில்லை.

நூலின் பெருங்குறை அறிவுரை. நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி முடித்ததும் மலாய் மன்னரின் குறைகளை எண்ணவும் ஆங்கிலேயரின் திறத்தைப் போற்றவும் புகுந்துவிடுகிறார். ஆங்கிலேயருக்கு எழுத்துவேலை செய்தும் மலாய் கற்பித்தும் ஊதியம் பெற்றவர் அவர். அப்புகழுரையை நிறுத்தே கொள்ளல் வேண்டும்.

இனிச் சிங்கப்பூர்ப் பகுதி. 1819 சனவரியில் ஆங்கிலேயர் கரையிறங்கியபோது அப்துல்லா அங்கு இல்லை. எனினும் உடனிருந்தவர் போல உரையாடல்களோடு அதனை விரித்துரைக்கிறார். அது ஆவணங்களோடு முற்றும் ஒவ்வவில்லை என ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். பிறர் வாய்ச் செய்தியைத் தம் கண் செய்திபோல் எழுதியதன் விளைவு இது. ‘கேட்டேன்’ என்னும் ஒரு சொல்லை ஆங்காங்கே இட்டிருந்தால் சுவை சிறிதும் கெட்டிராது, நம்பிக்கை கூடியிருக்கும். சில பக்கங்கள் கடந்ததும் எலிகள் வருகின்றன. தாம் தங்கிய வீட்டில் எலிகள் திரண்டு ஒரு பூனையையே வளைத்துக்கொண்டதைச் சொல்கிறார். எலி ஒன்றைக் கொன்றால் ஒரு ‘வாங்’ காசு என்று பார்க்குவார் அறிவித்ததையும், மக்கள் நாள்தோறும் செத்த எலிகளைச் சுமந்து வந்து குவித்ததையும் சொல்கிறார். நாட்டு வரலாற்றில் எலிக்கு இடமேது என்று அவர் தயங்கவில்லை. புதுக் குடியேற்றம் ஒன்றின் காடும் புழுதியும் அப்பகுதியில்தான் புலப்படுகின்றன.

உயர் வகுப்பு மாணவர்க்குக் கரையிறங்கிய பகுதியையும் எலிப் பகுதியையும் தமிழில் எடுத்துரைத்து, ஆசிரியர் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று வினவலாம். பெரும்பாலோர் தயங்காமல் விடை கூறிவிடுவர்.